தேய்பிறைக்குச் சொந்தமான ஒரு சொல்

வணக்கம் நேயர்களே. நான் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியன். ஒரேயொரு சொல்லோடு வந்திருக்கிறேன்: 'வேன்' (wane). இந்தியப் படங்களில் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் இல்லை; அதை நாங்கள் வான் என்றுதான் சொல்லுவோம். இது கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்துபோவதைச் சொல்லும் ஆங்கில வினை.

படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி எழுதினாள், எங்கள் ஊர் வாசிகசாலையில் ஆட்கள் 'வேன்' ஆகிறார்கள் என்று. அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டேன். "ஏன் சேர் பிழை?" என்று கேட்டபோதுதான் நானும் யோசித்தேன்.

இந்தச் சொல்லின் தாய்வீடு சந்திரன். தேய்பிறையில் நடப்பதுதான் 'வேன்'. வளர்பிறையில் நடப்பது 'வக்ஸ்' (wax); மெழுகுக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துத்தான். பிள்ளைகள் உடனே மெழுகுதிரியை நினைப்பார்கள். மெழுகுதிரி உருகிக் குறைய, சொல்லோ வளர்வதைச் சொல்லும். எழுத்து ஒன்று, சொல் வேறு. 'வேன்' என்றால், ஒருகாலத்தில் முழுநிலவாக இருந்தது தேய்கிறது என்று பொருள். அதனால் செல்வாக்கு, புகழ், ஆர்வம், உடம்பின் பலம், பின்னேர வெளிச்சம், இவற்றுக்கு அழகாகப் பொருந்தும். எண்ணக்கூடிய ஆட்களோ சாக்கில் கிடக்கும் நெல்லோ குறைந்தால் 'டுவின்டில்'. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் வத்தினால் 'எப்' (ebb). விலை தேயாது, விழும். ஒருவருடைய செல்வாக்கு இறங்குமுகமாகிவிட்டது என்று சொல்ல 'ஒன் த வேன்' என்பார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி காணலாம்.

இன்னொன்று. யாரும் எதையும் 'வேன்' பண்ண முடியாது. அது தானாகத் தேயும். தமிழில் தேய்கிறது, தேய்க்கிறது என்று ஒரு ககர மெய்யில் வேலை முடிந்துவிடும். அழுத கண்ணீரை வள்ளுவர் 'செல்வத்தைத் தேய்க்கும் படை' என்றார். அந்தக் ககர மெய் இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இதன் வேர். பழைய ஆங்கிலத்தில் 'வனியன்', குறைதல். அதே ஆதி வேரிலிருந்து கிளைத்தது வடமொழி 'ஊன'. அங்கே பத்தொன்பதை 'ஊனவிம்சதி' என்பதுண்டு, குறைபட்ட இருபது. அந்த 'ஊன'தான் நம்முடைய ஊனம். 1842இல் மானிப்பாய் அகராதியை அச்சேற்றிய மண் இது. இப்படியான சொல்லுறவைக் கேட்டால் நமக்குப் புளுகம் வராமல் இருக்குமா?

மரக்காலையில் பலகை வாங்கியவர்கள் கண்டிருப்பீர்கள். அரிந்த பலகையின் ஒரு விளிம்பு மட்டும் சதுரமாக வராது. மரத்தின் வளைவும் பட்டையும் அதிலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி விலை குறைத்துக் கேட்போம். மூளியான அந்த விளிம்புக்கும் ஆங்கிலத்தில் 'வேன்' என்றே பெயர். பலகையின் ஊனம்!

உச்சரிப்பில் ஓர் அவதானம். இரத்த நாளத்துக்கும் தற்பெருமைக்காரனுக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே ஓசையில் சொற்கள் உண்டு. அவற்றுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். இதற்குத் தொடக்கூடாது, 'ஊ' என்று உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள். ஊனத்துக்கு வாய் குவிகிற மாதிரித்தான்.

அந்த மாணவி பிறகு திருத்திக்கொண்டு வந்தாள். ஆட்களுக்கு 'டுவின்டில்', வாசிப்பு ஆர்வத்துக்கு 'வேன்'. சரி போட்டேன். கொப்பியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "சேர், அப்ப முந்தி அங்கை நிறைய ஆக்கள் இருந்தவையோ? நான் ஒருநாளும் காணேல்லை."

இருந்தார்கள். ஒரு பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக வாசிப்போம். வாங்கில் இடமில்லாதவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சின்னப் பெடியனான எனக்கு விளையாட்டுப் பக்கம் கைக்கு வரும்போது பொழுதுபட்டுவிடும்.

வணக்கம்.