ஆபீஸுக்கு வரச் சொல்றது வேலைக்காகவா, கட்டிடத்துக்காகவா?

[காட்சி: மொரீஷியஸ், ரோஸ் ஹில் மெட்ரோ நிலையம், காலை 7 மணி]

எங்க அக்கா அஞ்சரைக்கு எழுந்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, மெட்ரோ பிடிச்சு எபேன்ல இருக்கிற ஆபீஸுக்குப் போறா. போய் என்ன பண்றா? ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாரிஸ்ல இருக்கிறவங்களோட டீம்ஸ்ல பேசறா. வீட்லயும் இதையேதான் செஞ்சா!

கோவிட், 2020 ஊரடங்குல வீட்லேருந்து வேலை பார்த்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். இப்போ ஏன் திரும்ப ஆபீஸுக்கு வரச் சொல்றாங்க? நேரா கணக்குக்கு வாங்க.

[காட்சி: வெள்ளைப் பலகை]

ஆபீஸ் கட்டிடத்துக்கு விலை போடறது செங்கல், கண்ணாடியை வச்சு இல்ல, வாடகையை வச்சு. வருஷ வாடகை 60 லட்சம் ரூபாய்னு வைங்க. வாங்கறவருக்கு 6% வருமானம் போதும்னா விலை 10 கோடி. இப்போ பாதி நாற்காலி காலி. வாடகை 48 லட்சமா இறங்கிடுச்சு. பேங்க் வட்டி ஏறிட்டதால வாங்கறவரும் 8% கேக்கறார். வகுத்துப் பாருங்க: 6 கோடி! வாடகை குறைஞ்சது அஞ்சுல ஒரு பங்கு, விலையில போனது 4 கோடி. அந்தக் கட்டிடத்து மேல 7 கோடி கடன் இருந்தா வித்தாலும் அடையாது. இதை முதல் தடவை போட்டப்போ நான் மூணு தடவை சரிபார்த்தேன்.

இது வெறும் கற்பனை இல்லீங்க. 2022 ஆரம்பத்துல பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியோட வட்டி, 2023 ஜூலையில 5.25%க்கு மேல போச்சு.

வாடகைக்கு இருக்கிற கம்பெனியோ பல வருஷக் குத்தகையில மாட்டியிருக்கு. ஆள் வந்தாலும் வராட்டியும் பணம் கட்டணும்.

அடுத்த காரணம், செலவில்லாம ஆள் குறைப்பு. நம்ம மொரீஷியஸோட 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, காரணமில்லாம வேலையை விட்டு நீக்கினா ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 3 மாசச் சம்பளம். அலுத்துப்போய் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா? அந்தப் பணம் கிடையாது. சீனாவுல ட்ரிப்.காம்ங்கிற பயண டிக்கெட் கம்பெனியில 1,612 பேரை வச்சு நடத்தின ஆய்வு 2024ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்துச்சு. வாரம் 2 நாள் வீட்லேருந்து பார்த்தவங்கள்ல வேலையை விடறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, வேலைத்தரம் குறையவே இல்ல. அந்த 2 நாளைப் பிடுங்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

[காட்சி: ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரை]

எனக்கு ரொம்ப வலிக்கிறது இதுதான். 2020லேருந்து நம்ம தீவு வெளிநாட்டுக்காரங்களுக்கு பிரீமியம் விசா கொடுக்குது. மாசம் 1,500 டாலர் வருமானம் இருந்தா இங்க உக்காந்துக்கிட்டே அவங்க ஊர் வேலையைப் பார்க்கலாம். இந்த மண்ணுல பிறந்த எங்க அக்காவுக்கு மட்டும் ஏன் முடியாது?

உங்க ஆபீஸ் குத்தகை எந்த வருஷம் முடியுதுன்னு விசாரிங்க. கம்பெனி பேர் வேண்டாம், வருஷத்தை மட்டும் கமென்ட்ல போடுங்க.