எதிரில் இல்லாதவரிடம் பேசும் பாட்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழியில் காதலையும் பிரிவையும் பாடும் பொலேரோ என்னும் பாட்டு வகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இப்பாட்டுகளைக் கேட்டுவரும் எனக்கு, அவற்றின் உயிர் 'நீ' என்று எதிரில் இருப்பவரை அழைக்கும் முன்னிலையில் இருக்கிறது என்று தோன்றுகிறது. பாடுபவர் காதலைப் பற்றி ஊருக்குச் சொல்வதில்லை. தன்னை விட்டுப் போன ஒருவரிடம், அவர் எதிரில் அமர்ந்திருப்பதைப் போலப் பேசுகிறார்.

ஸ்பெயினில் இதே பெயரில் மூன்று தட்டுத் தாளத்தில் அமைந்த பழைய நடனம் ஒன்று உண்டு. நாம் பேசும் பொலேரோ அதுவன்று. இது கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில், கிதார் ஏந்திப் பாடிய எளிய மனிதர்களிடம் பிறந்தது. அவர்களுள் ஒருவரும் தையல் தொழில் செய்தவருமான பெப்பே சாஞ்செஸ் 1883-இல் இயற்றிய பாட்டையே முதல் பொலேரோ என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். அதன் பெயர் 'துயரங்கள்' என்று பொருள்படும் 'திரிஸ்தேசாஸ்'.

கடல் கடந்து யுகாத்தான் தீபகற்பத்தின் வழியாக மெக்சிகோவுக்குள் வந்த இப்பாட்டுக்கு அங்கே வாய்த்த பெருந்துணை வானொலி. 1930-இல் மெக்சிகோ நகரத்தில் தொடங்கப்பட்ட எக்ஸ்.ஈ.டபிள்யூ. நிலையத்தில், இளமையில் விலைமாதர் இல்லங்களில் பியானோ வாசித்துப் பிழைத்த அகுஸ்தின் லாரா தம் பாட்டுகளைப் பாடினார். ஒலிவாங்கி வந்தபின் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும்படி குரலை உயர்த்த வேண்டிய தேவை இல்லாமற்போனது. ஒருவர் காதருகே பேசுவதைப் போலத் தாழ்ந்த குரலில் பாட முடிந்தது. முன்னிலையில் பேசும் பாட்டுக்கு இதைவிட ஏற்ற கருவி வேறென்ன இருக்க முடியும்? 1944-இல் நியூயார்க்கில் உருவான திரியோ லோஸ் பாஞ்சோஸ் என்னும் மூவர் குழு, அந்தத் தாழ்குரலை மூன்று குரல்களின் இசைவாக்கியது. அவர்களுள் ஒருவரான அல்ஃபிரெதோ ஹில், வழக்கமான கிதாரைவிடச் சிறியதும் உயர்ந்த சுருதி கொண்டதுமான ரெக்கிந்தோவை வடிவமைத்தார். சொற்கள் தொடங்குமுன் பாட்டின் துயரை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் அதன் தந்திகளே.

மொழி செய்யும் உதவியும் பெரிது. ஸ்பானிய மொழியின் 'தூ' நம்முடைய 'நீ'யைப் போல இருபாலுக்கும் பொது. ஆகவே பல பாட்டுகளை ஆணும் பெண்ணும் ஒரு சொல்லும் மாற்றாமல் பாடலாம். மரியாதைக்கு உரிய 'உஸ்தேத்' நம்முடைய 'நீங்கள்' போன்றது. கப்ரியேல் ருயிஸ் இசையமைத்த புகழ்பெற்ற பொலேரோ ஒன்றுக்கு அச்சொல்லே தலைப்பு. தன் வேதனைக்கெல்லாம் காரணமானவரை அதில் காதலர் 'நீங்கள்' என்றே அழைத்துக் குற்றம் சாட்டுகிறார். நெருக்கத்தின் உச்சியில் நின்றுகொண்டே தள்ளி நிற்கும் அந்த மரியாதை, நேரடியான வசைச்சொல்லைவிட ஆழமாகத் தைப்பது ஏன் என்பதை நீ, நீங்கள் என்ற வேறுபாட்டோடு வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பொலேரோவுக்கு வெளியிலும் இந்த முன்னிலை தொடர்கிறது. மெக்சிகோவின் பாடகரும் பாடலாசிரியருமான ஹுவான் கப்ரியேல் தம் தாயின் மறைவை நினைந்து எழுதிய 'அமோர் எதேர்னோ', அதாவது 'நிலையான அன்பு', ஸ்பெயின் பாடகி ரோசியோ துர்க்காலின் குரலில் பரவியது. காதலரை இழந்தவரின் பாட்டாகவும் கேட்கத்தக்க அதை, இன்று மெக்சிகோ மக்கள் இறுதிச் சடங்குகளிலும், அன்னையர் நாளான மே 10 அன்று கல்லறைகளிலும் மரியாச்சி இசைக்குழுக்களை அழைத்துவந்து பாடச் செய்கிறார்கள். கல்லறையின் முன் நின்று பாடும்போதும், மண்ணுக்குள் உறங்குபவரை அவர்கள் 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள்.