ஜேர்சியில் இருக்கும் பெயருக்கு என்ன விலை?

வணக்கம் நேயர்களே. சட்டத்தரணியைக் கூப்பிட்டு உதைபந்தாட்டம் பேசச் சொல்கிறார்களே என்று அட்டனிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் வானொலியைத் திறந்து வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். காரணம் இருக்கிறது. சனிக்கிழமை இரவானால் லயத்துக்கு லயம் ஃபோனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஓடுகிறது. அதைப் பார்க்கிற பொடியன்கள் என்னைக் கண்டால் கேட்பது கோல் கணக்கு இல்லை. "அண்ணே, மன்செஸ்டர் சிட்டியோட 115 கேஸ் என்னாச்சு?" என்றுதான் கேட்கிறார்கள்.

சிட்டி கழகத்தின் மீது சுமத்திய அந்த 115 குற்றச்சாட்டுகளுக்குக் கடைசியில் வருகிறேன். அதைவிடச் சுவையான வழக்கு ஒன்று இருக்கிறது. அனுசரணைப் பணத்தைப் பற்றியது.

பிரீமியர் லீக்கில் ஒரு கழகம் மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்று 2025-26 பருவம் வரை விதி இருந்தது. காட்டினால் புள்ளியில் கை வைப்பார்கள். எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள். மேன்முறையீட்டில் அது 6 ஆனது. நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் 4 புள்ளி இழந்தது. சரி, நட்டத்துக்கு வரம்பு வைத்தால் பணக்கார முதலாளி என்ன செய்வார்? வருமானத்தைக் கூட்டிக் காட்டுவார். தன்னுடைய இன்னொரு கம்பனியின் பெயரை ஜேர்சியில் போட்டு, பத்து ரூபாய் பெறுமதியான விளம்பரத்துக்கு நூறு ரூபாய் கொடுப்பார். நட்டம் மறைந்துவிடும்.

2021 ஒக்டோபரில் சவூதி அரச முதலீட்டு நிதியம் நியூகாசிலை வாங்கியதும் மற்றக் கழகங்களுக்கு இந்தப் பயம் பிடித்தது. அந்த டிசம்பரிலேயே புது விதி வந்துவிட்டது. உரிமையாளரோடு தொடர்புள்ள கம்பனி அனுசரணை தந்தால், அது நியாயமான சந்தை விலைதானா என்று லீக் பரிசோதிக்கும். 2024 பெப்ரவரியில் இதை இன்னும் இறுக்கினார்கள்.

இது நமக்குப் புதிதில்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த சித்திரைக் கிண்ணப் போட்டிக்கு என்னை நடுவர் குழுவில் உட்கார வைத்தார்கள். ஒரு அணிக்குக் கொழும்பு செட்டித்தெருவில் கடை வைத்திருக்கும் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அனுசரணை. பளபளவென்று ஜேர்சி, புதுச் சப்பாத்து, வந்து போக பஸ். முன்னால் நிற்கும் இரண்டு பேரைப் பார்த்தால் நம் மண்ணில் கால் வைத்துப் பழகியவர்களாகவே தெரியவில்லை. எதிரணித் தலைவர் கொதித்துப்போய் வந்தார்: "அவன் காசைக் கொட்டி ஆளைக் கொண்டாந்திருக்கான். நாங்க ஆளுக்கு இருநூறு சந்தா போட்டு ஆடுறோம்." நியாயமான கோபம். ஆனால் அந்த எதிரணியின் செலவையும் ஒரு முதலாளிதான் பார்த்திருந்தார். கடன் என்று கொடுத்தார். திருப்பிக் கேட்டதே இல்லை. அது அனுசரணைக் கணக்கில் வராதாம். போட்டிக் குழுவில் உட்கார்ந்து விதி எழுதியவர்களும் அணித் தலைவர்களேதான்.

மன்செஸ்டர் சிட்டியின் சட்டத்தரணிகள் பிடித்த நூலும் ஏறக்குறைய இதுவே.

சிட்டி அபுதாபி முதலாளிகளின் கழகம். எத்திஹாட் விமான நிறுவனத்தோடும் ஃபெர்ஸ்ட் அபுதாபி வங்கியோடும் அவர்கள் செய்த ஒப்பந்தங்களை லீக் தடுத்தது. சிட்டி நடுத்தீர்ப்புக்குப் போனது. ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட மூவர் மன்றத்தின் தீர்ப்பு 2024 ஒக்டோபரில் வெளிவந்தது. "மொத்த விதியுமே தொழில் போட்டிச் சட்டத்துக்கு விரோதம்" என்ற பெரிய வாதத்தில் சிட்டி தோற்றது. இப்படியொரு கட்டுப்பாடு தேவைதான் என்று மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சில இடங்களில் லீக் வசமாக மாட்டியது. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, பங்குதாரர் கடன். உரிமையாளர் தன் கழகத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தால் அதற்குச் சந்தை விலைப் பரிசோதனை கிடையாது என்று விதி எழுதியிருந்தார்கள். வங்கிக்குப் போயிருந்தால் கட்ட வேண்டிய வட்டி மிச்சம்தானே? வட்டி என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆர்சனல், பிரைட்டன், எவர்ட்டன் எல்லாம் இப்படிக் கடன் வாங்கிய கழகங்கள். அனுசரணையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடனைத் தராசில் ஏற்றாமல் விட்டது சட்டவிரோதம் என்றது மன்றம்.

மற்றது, என்னைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம். ஒப்பந்தத்தின் விலை கூடுதல் என்று தீர்மானிக்க, மற்றக் கழகங்களின் ஒப்பந்தங்களை லீக் ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தத் தரவை முடிவுக்கு முன்னால் சிட்டிக்குக் காட்டவில்லை. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று தெரியாமல் ஒருவன் எப்படிப் பதில் சொல்வான்? அந்த முடிவுகளை மன்றம் ரத்துச் செய்தது.

தீர்ப்பு வந்த அன்றே இரண்டு தரப்பும் "நாங்கள்தான் வென்றோம்" என்று அறிக்கை விட்டன. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் நீதிமன்ற வாசலிலும் அதே கூத்துத்தான். நவம்பரில் 16க்கு 4 என்ற வாக்கில் கழகங்கள் விதியைத் திருத்தின. 2025 பெப்ரவரியில் அதே மன்றம், சட்டவிரோதமான பகுதிகளைத் தனியே பிரித்தெடுக்க முடியாததால் திருத்தத்துக்கு முந்திய விதி முழுவதுமே செல்லாது என்றது. திருத்திய விதியையும் எதிர்த்துச் சிட்டி இரண்டாவது வழக்குப் போட்டு, செப்டம்பரில் சமரசமாகி, விதி செல்லும் என்று ஏற்றுக்கொண்டது.

என் அபிப்பிராயம் கேட்டால், கட்டுப்பாடு வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவரே ஒவ்வொரு வருடமும் கிண்ணம் தூக்குவார். ஆனால் ஆடுகிற கழகங்களே வாக்குப் போட்டு விதி செய்யும்வரை, தங்கள் வீட்டுக் கடனுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைப்பார்கள். செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் குழுமக் கம்பனிக்கே 76.5 மில்லியன் பவுணுக்கு விற்று நட்டத்தைக் குறைத்தது. பிரீமியர் லீக் அதைத் தடுக்கவில்லை. ஐரோப்பியச் சம்மேளனமான யூஃபாவோ அந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்க மறுத்தது. ஒரே விற்பனைக்கு இரண்டு கண்.

சரி, அந்த 115. இதை அனுசரணை வழக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், வேறு வழக்கு. 2023 பெப்ரவரியில் லீக் சுமத்திய குற்றச்சாட்டுகள், பெரும்பாலும் 2009 தொடங்கி 2018 வரை, அனுசரணை வருமானம் உட்பட, சிட்டி காட்டிய கணக்குகளைப் பற்றியவை. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. இதே மாதிரியான விவகாரத்தில் 2020இல் யூஃபா சிட்டிக்கு விதித்த இரண்டு வருடத் தடையை விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றம் நீக்கியது நினைவிருக்கலாம். சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை, சில ஐந்தாண்டுக் காலவரம்பு தாண்டியவை என்றது. அபராதம் மட்டும் 10 மில்லியன் யூரோவாக நின்றது, விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக.

ஆகவே தம்பிமாரே, இந்த 115 வழக்குத் தீர்ப்பின் பிரதி கையில் கிடைத்தால் எத்தனை புள்ளி என்ற பக்கத்துக்கு ஓடாதீர்கள். ஜேர்சியில் எழுதியிருந்த கம்பனியின் கணக்கிலிருந்துதான் காசு வந்ததா, அதற்குப் பின்னால் நின்றவரின் கணக்கிலிருந்தா, அதற்கு என்ன பத்திரம் காட்டினார்கள் என்ற பந்திகளை முதலில் வாசியுங்கள். நன்றி, வணக்கம்.