கிடை என்னும் சொல்

அவையோருக்கு வணக்கம். கால்நடை வளர்ப்பில் வழங்கும் ஒரே ஒரு சொல்லை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'கிடை' என்பது அச்சொல். அகராதியைப் புரட்டினால் மந்தை என்றும் பட்டி என்றும் பொருள் காணலாம். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடு மேய்ப்பவர் பேச்சில் இம்மூன்றும் ஒன்றல்ல. பகலில் மேய்ந்து நடப்பது மந்தை; படலோ வலையோ கொண்டு வளைத்த அடைப்பு பட்டி; அந்த மந்தை ஓர் இரவு ஒருவருடைய நிலத்தில் படுத்துக் கிடப்பதே கிடை. எழுந்து நடமாட முடியாதவரைக் 'கிடையாய்க் கிடக்கிறார்' என்கிறோமே, அந்தக் 'கிட' என்னும் வேர்தான் இதிலும் இருக்கிறது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்த்துச் செல்பவர்கள், அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு மந்தையை ஓட்டிவந்து கிடை போடுகிறார்கள். குட்டிகள் கொடாப்பு என்னும் கவிழ்த்த கூடை போன்ற கூண்டுக்குள் இருக்க, தாய் ஆடுகள் வயலில் படுத்திருக்கும். நிலக்காரர் முன்பு நெல்லாக அளந்தார். இப்போது இத்தனை ஆட்டுக்கு, இத்தனை இரவுக்கு என்று பணமாகப் பேசிக்கொள்கிறார். ஆகவே கிடை என்னும் சொல்லுக்குள் ஆடு, நிலம், இரவு, கூலி நான்கும் அடங்கிவிடுகின்றன.

நிலக்காரர் பணம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆட்டெருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 3 விழுக்காடு, தொழுவுரத்திலோ 0.5 விழுக்காடு அளவுதான் என்று வேளாண் பாடங்கள் சொல்கின்றன. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று உழவர்கள் இதை முன்பே சொல்லிவைத்தார்கள். தொழுவத்தில் வீணாய் வழிந்தோடும் மூத்திரம், கிடையில் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. ஆனால் அதிலுள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிப் பறந்துவிடும் தன்மையுடையது. கிடையை நகர்த்திய கையோடு மேலோட்டமாக ஒரு சால் ஓட்டவேண்டும் என்பது அதனால்தான்.

சொல் ஆட்டோடு நிற்பதுமில்லை. சல்லிக்கட்டால் பெயர்பெற்ற புலிக்குளம் மாட்டுக்கு ஊர்ப்புறத்தில் கிடைமாடு என்றே பெயர். தறியில் கட்டாமல், கூட்டமாக மேய்த்து, வயலில் கிடை அமர்த்தி வளர்க்கும் மாடு அது. இத்தகைய கால்நடைக்காரரிடம் 'கொட்டகை எங்கே இருக்கிறது?' என்று கேட்கும் படிவம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அவர் என்ன எழுதுவார்? இன்று ஒருவர் வயல், நாளை அடுத்தவர் வயல்.

கிடையைப் பட்டி என்று எண்ணிக்கொண்டால், கீதாரி விடியுமுன் செய்யும் ஒரு வேலை நமக்கு விளங்காது. அடைப்பைத் திறப்பதற்கு முன் அவர் உள்ளே இறங்கி, கோலால் தட்டி, படுத்திருக்கும் ஆடுகளை எழுப்பிவிட்டு, சற்று நேரம் அங்கேயே நிற்கவைப்பார். ஆடு எழுந்தவுடன்தான் மூத்திரம் பெய்யும், புழுக்கை போடும். அது கூலி கொடுத்தவரின் வயலில் விழவேண்டும். போகிற வழியில் அல்ல.