அல்சூரில் ஒரு காலை நடை: தண்டுத் தமிழர்களின் தெருக்கள்

[காட்சி: மெட்ரோ நிலைய வாசல், காலை வெயில்]

வணக்கம். பெங்களூருக்குத் தமிழர்கள் எப்போது வந்தார்கள் என்று கேட்டால், ஐடி கம்பெனிகள் வந்தபோது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூருக்குக் கூட்டி வாருங்கள். மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஹலசூரு என்று அறிவிப்பார்கள், அங்கே இறங்கவேண்டும்.

[காட்சி: சோமேஸ்வரர் கோயில் கோபுரம், பிறகு வெளிச்சுவர்]

முதலில் சோமேஸ்வரர் கோயில். நிலையத்திலிருந்து பக்கம்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரமே போய்விடுங்கள். கோயிலின் தொடக்கம் சோழர் காலம் என்பார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி விஜயநகர பாணி, பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடரின் வம்சத்தார் விரிவாக்கியது.

உள்ளே ஓடிவிடாமல் வெளிச்சுவரை ஒட்டி மெதுவாக நடங்கள். கயிலையைத் தூக்கும் ராவணன், பார்வதி கல்யாணம், சப்தரிஷிகள். அவர்களோடு நாயன்மார்களும்! நம்மூர்ச் சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்பார்களே, அதே அடியார்கள்தான். இங்கிருந்து ஆட்டோ தூரத்தில் தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. ஆக, வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் பக்கம் தமிழ் புழங்கியிருக்கிறது.

[காட்சி: பஜார் தெரு, பூக்கடை]

ஆனால் கூட்டம் கூட்டமாக வந்தது தண்டோடுதான், அதாவது ஆங்கிலேயர் அமைத்த ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்டோடு. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் 1809 வாக்கில் அல்சூர்ப் பக்கம் இடம் மாறியது. அது மதராஸ் படை. சிப்பாய்க்குப் பின்னால் சமையல்காரர், வண்ணார், கொத்தனார், தானிய வியாபாரி, கணக்கெழுதுபவர் என்று ஒரு ஊரே கிளம்பி வந்தது. தண்டு 1947 வரை மைசூர் அரசின் கையில் இல்லை, தனி நிர்வாகம். கெம்பே கவுடர் கால நகரமான பழைய பேட்டை ஒரு பெங்களூர், இது இன்னொரு பெங்களூர்.

இந்த பஜாரில் கொஞ்சம் நின்று கேளுங்கள். பூக்காரம்மா உங்களிடம் தமிழில் விலை சொல்லிக்கொண்டே அடுத்தவரிடம் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். நடைபாதையைத் தேடாதீர்கள், பைக்குகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

[காட்சி: அண்ணாசாமி முதலியார் சாலை, கல்லூரிப் பலகை]

அப்புறம் ஏரியை நோக்கி நடந்தால் அண்ணாசாமி முதலியார் சாலை. பலகை கன்னடத்தில், பெயரோ தமிழர் பெயர். வழியில் ஆர்.பி.ஏ.என்.எம். என்று ஒரு கல்லூரி. இந்த எழுத்துகளை விரித்துப் படிப்பவர் குறைவு: ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்கா ஓரத்தில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரி, அதாவது இன்றைய உயர் நீதிமன்றம், 1868-இல் முடிந்தது. அந்தக் கட்டட ஒப்பந்தம் இவருடையது. சம்பாதித்ததில் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தண்டில் காசு பார்த்தவர்கள் பலர், ஆனால் என் கணக்கில் இவர்தான் பெரிய மனிதர்.

அதே சாலையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், 1950-இல் தொடங்கியது.

[காட்சி: அல்சூர் ஏரி, திருவள்ளுவர் சிலை]

ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். ராணுவ வளாகத்தைப் படம் எடுக்காதீர்கள். அங்கே இருப்பது மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. அதன் வீரர்களுக்கு ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்றுதான் பெயர்.

கடைசியாக வள்ளுவர். சிலை 1991-இலேயே தயார். கன்னட அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியதால் 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். சரிக்குச் சரி. அரசியல்தான், இருந்தாலும் நல்ல அரசியல்.

கால் வலிக்கவில்லை என்றால் ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் போகலாம். தமிழில் பூசை உண்டு. செப்டம்பர் 8 திருவிழா சமயத்தில் போனால் காவி உடுத்திய கூட்டம் தெருவை அடைத்திருக்கும், வண்டியைத் தூரத்திலேயே விட்டுவிடுங்கள்.