பனி விலகும் முன்னே நாற்றுவிடுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்ப் பிரதேசத்தில் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்பவர்களுக்கு உறைபனியில்லாத காலம் ஆண்டில் சில மாதங்கள்தான் கிடைக்கும். அதனால் வெளியே பனி கிடக்கும்போதே பசுமைக்குடிலிலோ வீட்டுக்குள்ளோ நாற்றுவிட்டாக வேண்டும். சந்தைக்கு முதலில் வரும் தக்காளிக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த ஆசையில்தான் பலர் அவசரப்பட்டு விதைத்துவிடுகிறார்கள். முந்தி விதைத்தால் முந்தி அறுக்கலாம் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். உங்கள் பகுதியில் வசந்தத்தின் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது சராசரி நாள்தான். அதற்குப் பிறகும் பனி விழலாம். ஆகவே, தக்காளி நடவுக்கு ஒன்றிரண்டு வாரம் தள்ளியே நாள் குறியுங்கள். அந்த நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் பின்னால் போனால் விதைக்கும் நாள் வந்துவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், வெங்காயத்துக்கு 10 முதல் 12 வாரம் தேவை. வெள்ளரிக்கும் பூசணிக்கும் 3 அல்லது 4 வாரமே போதும். அவற்றின் வேரை அலைக்கழிக்கக் கூடாது. முட்டைக்கோஸ் லேசான பனியைத் தாங்கும் என்பதால் முன்னதாகவே வயலுக்குப் போகலாம்.

குழித்தட்டில் அளவுக்கு மீறி நாள்பட்ட தக்காளி நாற்று ஒன்றை உருவிப் பாருங்கள். வேர் மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, குழியின் வடிவத்திலேயே இறுகியிருக்கும். அடியிலைகள் மஞ்சளாகியிருக்கும், நுனியில் பூகூட வந்திருக்கும். பார்ப்பதற்குப் பெரிய செடிதான். ஆனால் நட்ட பிறகு திகைத்து நின்றுவிடும். குட்டையாகவும் திடமாகவும் இருக்கும் இளநாற்று அதை முந்திவிடும். காலிஃப்ளவர் நாற்று இப்படி முற்றிப்போனால், கைக்குள் அடங்கும் சிறு பூவோடு நின்றுவிடும். சந்தையில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

தக்காளியும் மிளகாயும் நன்றாக முளைக்க மண்ணில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈரமான தட்டின் மண் அறையின் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே தட்டுக்கு அடியில் மின்வெப்பப் பாய் விரிப்பது நல்லது. முளை தலைகாட்டியதும் பாயை எடுத்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். குளிர்காலத்துச் சன்னல் வெளிச்சம் போதாது. தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். விளக்கைச் செடிக்குச் சற்று மேலேயே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

நாற்றழுகல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவு நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். மண்ணையொட்டித் தண்டு இற்றுப்போயிருக்கும். அப்படி விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை, வராமல் தடுப்பதுதான் வழி. கழுவிய தட்டு, நாற்று வளர்க்கப் புதிய மண்கலவை, அடியிலிருந்து உறிஞ்சும்படி நீர், மெல்லிய மின்விசிறிக் காற்று இவை போதும். மண்ணின் மேற்பரப்பு சற்று உலர்ந்த பிறகே மறுபடி நீர் விடுங்கள்.

நடவுக்கு முந்தைய 7 முதல் 10 நாள் நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் தக்காளியை உள்ளே எடுத்துவிடுங்கள். நடும் இடத்திலும் காலை வேளையில் மண்ணின் வெப்பத்தை அளந்து, 15 டிகிரியை எட்டிய பிறகே தக்காளியை நடுங்கள். தண்டை ஆழப் புதைத்தால் அதிலிருந்தும் வேர் விடும்.

எல்லா நாற்றையும் ஒரே நாளில் நட்டுவிட வேண்டாம். இரண்டு வாரம் தள்ளி இன்னொரு தொகுதி விதைத்து வையுங்கள். எதிர்பாராத பனி முதல் நடவைக் கருக்கினாலும் கையில் நாற்று இருக்கும். கருக்காவிட்டால், வாரந்தோறும் உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளருக்குக் காய் தொடர்ந்து கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.