பென்னியை எடை போடுகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே. கோயில், திருவிழா, பாட்டு என்று போய்க்கொண்டிருக்கும் இந்தத் தமிழ் நேரத்தில் இன்று சாக்கர், அதாவது கால்பந்து, பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நிலையத்தாருக்கு நன்றி. யாரைப் பற்றிப் பேசுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பென்னி மெக்கார்த்தி.

நம் டர்பன் சாட்ஸ்வர்த்தில், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌ வாங்க வரிசையில் நிற்கும்போது அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். "ஆள் குண்டாயிட்டாரே" என்பார் ஒருவர். "2010 உலகக் கோப்பையில் சேர்த்திருக்கணும்" என்பார் இன்னொருவர். அதோடு பேச்சு முடிந்துவிடும். தென்னாப்பிரிக்கா பெற்ற மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கரை, கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரரைப் பற்றி நமக்குச் சொல்ல இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் பிறந்தது 1977 நவம்பரில், கேப் டவுனில். வளர்ந்தது ஹனோவர் பார்க்கில். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேட்டோ மேனரிலிருந்து நம் தாத்தா பாட்டிகளைக் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. அதே சட்டம் அங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மக்களைக் கிளப்பி கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டது. பழைய ஊரின் ஹனோவர் தெருப் பேர்தான் புதுக் குடியிருப்புக்கு வந்தது. நெருக்கமான அடுக்குவீடுகள், தெருவுக்கு ஒரு கும்பல், துப்பாக்கிச் சத்தம். அந்தச் சூழலில்தான் இந்தப் பையன் பந்து உதைத்தான்.

காலமும் அவருக்கு ஒத்துழைத்தது என்று சொல்ல வேண்டும். டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடிய நம்மவர்களிலும் கெட்டிக்கார ஸ்ட்ரைக்கர்கள் இருந்தார்கள். ஆனால் நிறவெறி ஆட்சியில் அவர்களுக்கு இந்தியர்களுக்குள் நடந்த சாம் சைனா கோப்பைதான் உலகக் கோப்பை. அதற்கு மேல் போக வழியில்லை. நிறவெறிக்காக உலகம் போட்ட தடை நீங்கி நாட்டின் அணி மறுபடி களம் இறங்கியது 1992 ஜூலையில், நம் டர்பன் கிங்ஸ் பார்க்கில்தான். கேமரூனை 1-0 என்று வென்றோம். அப்போது பென்னிக்கு 14 வயது. சரியான வயதில் கதவு திறந்தது.

செவன் ஸ்டார்ஸ் என்ற கேப் டவுன் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1997இல் ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸ் அழைத்துக்கொண்டது. அடுத்த பிப்ரவரியில் புர்கினா ஃபாஸோவில் ஆப்பிரிக்கக் கோப்பை. நமீபியாவுக்கு எதிராக 8, 11, 19, 21 ஆகிய நிமிடங்களில் அடித்தார். நாலு கோலுக்கும் சேர்த்து 13 நிமிடம்தான்! அரையிறுதியில் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு எதிராக நாம் அடித்த இரண்டும் அவருடையவை. இறுதியில் எகிப்திடம் தோற்றோம். ஆனாலும் ஏழு கோல், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது. வயது 20. அதே வருஷம் ஜூனில் பிரான்ஸின் தூலூஸ் நகரில் டென்மார்க்குடன் உலகக் கோப்பை ஆட்டம். கோலில் நிற்பவர் பீட்டர் ஷ்மைக்கேல். மலை மாதிரி ஆள். அவருடைய இரண்டு காலுக்கு நடுவே பந்தை அனுப்பினார் பென்னி. உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா அடித்த முதல் கோல் அதுதான்.

அப்புறம் ஸ்பெயினில் செல்டா விகோ. அங்கே பெஞ்சில் உட்கார்ந்த நாள்தான் அதிகம், விட்டுவிடுவோம். 2002 ஜனவரியில் போர்ச்சுகலின் போர்ட்டோ அவரைக் கடனாக வாங்கியது. அதே மாதம் வந்து சேர்ந்த புதுக் கோச் ஜோஸே மொரின்யோ. பென்னி 11 லீக் ஆட்டத்தில் 12 கோல் அடித்தார். மொரின்யோவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. 2003இல் நிரந்தரமாகவே கூட்டிக்கொண்டார்.

இனி வருவது 2004 பிப்ரவரி 25. அந்த ஆட்டத்தை நம் வட்டாரப் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன். ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், போர்ட்டோவின் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட். முதல் கோல் யுனைடெட்டுக்கு. அடித்தவர் குவின்டன் ஃபார்ச்சூன், அவரும் கேப் டவுன்காரர். பிறகு பென்னி சமன் செய்தார். 78ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. பென்னி தலையால் முட்டினார். கோலுக்குப் பக்கத்தில் நின்று முட்டியதல்ல, நல்ல தூரம். பந்து கீப்பர் டிம் ஹவார்டுக்கு எட்டாமல் தாண்டிப்போய் அந்தப் பக்க மூலையில் விழுந்தது. 2-1. மூன்று கோலும் கேப் டவுன் பிள்ளைகள் அடித்தவை! இதைச் சொன்னால் எங்கள் பையன்கள் நம்புவதில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தலைமுட்டில் அவர்களை நான் பார்க்கச் சொல்வது பந்தை அல்ல, பென்னியின் காலை. பந்து காற்றில் இருக்கும்போது அவர் அவசரப்படவே இல்லை. பந்து எங்கே விழுமோ என்று டிஃபெண்டர்கள் கணக்குப் போடும்போதே இவர் எகிறிவிட்டார். மற்றவர்கள் எழும்போது இவர் உச்சியில் இருக்கிறார். ஓட்டத்தில் அவரைவிட வேகமான ஸ்ட்ரைக்கர் எத்தனையோ பேர் உண்டு. இந்த அரை நொடி முந்தல்தான் அவருடைய சொத்து, அதை எந்த எடை மிஷினும் காட்டாது.

பதின்மூன்று நாள் கழித்து யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் அடுத்த ஆட்டம். கடைசி நிமிடத்தில் போர்ட்டோவுக்கு ஃப்ரீ கிக். மொரின்யோ கோட்டு பறக்கப் பக்கக்கோட்டில் ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஃப்ரீ கிக் அடித்தது யார் என்று கேட்டால் முழிப்பார்கள். பென்னிதான். ஹவார்டு தட்டிவிட்ட அந்தப் பந்தைத்தான் போர்ட்டோவின் கோஸ்டின்யா உள்ளே தள்ளினார். மே மாதம் இறுதியில் மொனாக்கோவை 3-0 என்று முடித்தார்கள். பென்னி மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் தென்னாப்பிரிக்கர். அந்தப் பருவம் போர்ச்சுகல் லீக்கில் அதிக கோலும் அவருக்கே, 20.

2006இல் இங்கிலாந்தின் பிளாக்பர்னுக்குப் போய் முதல் பருவத்திலேயே லீக்கில் 18 அடித்தார். அவருக்கு மேலே இருந்தது டிடியே துரோக்பா மட்டும், 20. துரோக்பா ஆடியது பெரிய அணியான செல்சிக்கு. பிளாக்பர்னில் அடித்த பதினெட்டை நான் அந்த இருபதுக்கு மேலே வைப்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சரி, எடைக்கும் வருகிறேன், மழுப்பவில்லை. 2010இல் வெஸ்ட் ஹாமுக்குப் போனவர் அங்கே லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. உடம்பு போட்டிருந்தது உண்மை. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் எனக்குப் பரிவு கிடையாது. தேசிய அணியோடும் இழுபறிதான். 2002க்குப் பிறகு இனி ஆடமாட்டேன் என்றார், திரும்ப வந்தார், மறுபடி காணோம். நிர்வாகமும் சளைத்ததல்ல. நல்ல வயதில் நாம் பார்க்க வேண்டிய பல ஆட்டங்கள் இரு தரப்பு வீம்பில் போயின.

2010 ஜூன் 1 அன்று, சொந்த மண்ணில் உலகக் கோப்பை தொடங்க சில நாளே இருக்கும்போது, கோச் பரெய்ரா 23 பேர் பட்டியலைச் சொன்னார். பென்னி இல்லை. தயார்நிலை போதாது என்பது காரணம். முழு ஆட்டம் ஆட அவரால் முடிந்திருக்காது என்பதை ஏற்கிறேன். யார் முழு ஆட்டம் கேட்டது? மெக்சிகோவோடு முதல் ஆட்டம் 1-1. கடைசி நேரத்தில் நம் ம்பேலா அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் அதே மெக்சிகோவைவிடக் கோல் வித்தியாசத்தில் பின்தங்கி வெளியேறினோம். ஒரு ஆட்டத்துக்குக் கடைசி இருபது நிமிடம் இறக்கிவிட, அரை நொடி முன்னால் எகிறத் தெரிந்த ஒருவரை பெஞ்சில் வைத்திருக்கலாம். 31 கோலோடு இன்றும் பாஃபானா பாஃபானாவின், அதாவது நம் தேசிய அணியின், உச்சக் கணக்கு அவருடையதுதானே?

வெஸ்ட் ஹாமோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது 2011இல் உள்நாட்டு அணியான ஒர்லாண்டோ பைரட்ஸுக்கு வந்தார். முதல் பருவத்திலேயே மூன்று கோப்பை. லீக்கை முடித்த கடைசி ஆட்டம், 2012 மே மாதம், நம் டர்பனில் கோல்டன் ஆரோஸுக்கு எதிராக. 4-2, அதில் இரண்டு பென்னி.

அப்புறம் நம் ஊருக்கே கோச்சாக வந்தார். 2020 டிசம்பரில் டர்பன் அணியான அமாசூலு அவரிடம் வந்தபோது அந்த அணி மேலே வரும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். பருவ முடிவில் சன்டவுன்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடம். வருஷத்தின் சிறந்த கோச் அவர். அடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே ஸ்ட்ரைக்கர்களைப் பழக்கும் வேலை. இப்போது கென்யா தேசிய அணி, 2025 மார்ச்சிலிருந்து. உள்நாட்டு லீக்கில் ஆடுகிறவர்களுக்கான ஆப்பிரிக்கப் போட்டி, சான் என்பார்கள், அந்த ஆகஸ்டில் நடந்தது. கென்யா கால் இறுதியில் பெனால்டியில் தோற்றது. கோப்பையைத் தூக்கியது மொராக்கோ. அந்த மொராக்கோவை அந்தப் போட்டியில் தோற்கடித்த ஒரே அணி பென்னியின் கென்யாதான், 1-0.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.